பெத்தவங்க ஸ்கூலைத் தேர்ந்தெடுக்கட்டும், ஸ்கூல் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எந்த ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்க்கணும்னு முடிவு பண்ற உரிமை எல்லாப் பெத்தவங்களுக்கும் வேணும், அதனால அரசுப் பள்ளியும் உருப்படும்னு பேசத்தான் வந்திருக்கேன். இதைச் சொன்ன உடனே ஒரு பக்கம் அரசுப் பள்ளியை இழுத்து மூடப் பாக்குறியான்னு கேக்குறாங்க, இன்னொரு பக்கம் மார்க்கெட்கிட்ட விட்டுடு எல்லாம் தானா சரியாயிடும்ங்கிறாங்க. எனக்கு ரெண்டு பேர் பேச்சும் ஒத்துவரல.

காசு இருக்கிறவங்களுக்கு இந்த உரிமை எப்பவோ வந்தாச்சு. நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியாவுக்கு வீடு மாத்திட்டுப் போயிடுவாங்க, இல்லன்னா ஃபீஸ் கட்டி தனியார்ல சேர்த்துடுவாங்க. வீட்டு அட்ரஸை வச்சுத்தான் சீட்டுன்னா அங்க வீட்டு வாடகைதான் அட்மிஷன் ஃபீஸ், சும்மா பேருக்குத்தான் இலவசக் கல்வி. அதைக் கொடுக்க முடியாதவங்க பிள்ளை மட்டும் பக்கத்துல எந்த ஸ்கூல் இருக்கோ அதுல உக்காரணும், அது எப்படி இருந்தாலும் சரி.

பிள்ளை எங்க போகுதோ அரசுப் பணமும் அங்கயே போகட்டும்னு 1955-ல அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினாரு. இப்படிப் பிள்ளை பேர்ல ஸ்கூலுக்குப் போற அரசுப் பணத்தைத்தான் வவுச்சர்ங்கிறாங்க, வவுச்சர்னா எல்லாரும் அவரைத்தான் சொல்வாங்க. ஆனா நெதர்லாந்துல 1917-லயே அரசியலமைப்புல எழுதி வச்சுட்டாங்க, அரசு நடத்துற ஸ்கூலா இருந்தாலும் தனி அமைப்பு நடத்துற ஸ்கூலா இருந்தாலும் அரசுப் பணம் சமம்னு. இன்னைக்கு அங்க மூணுல ரெண்டு பங்கு பிள்ளைங்க தனி அமைப்புகள் நடத்துற பள்ளியிலதான் படிக்கிறாங்க, அதுக்காக அங்க பொதுக்கல்வி செத்துப்போயிடல.

இப்ப சிலி நாட்டைப் பாருங்க, 1981-ல ராணுவ ஆட்சியில வவுச்சர் கொண்டுவந்தாங்க. பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே தொகை. வவுச்சர் வாங்குற தனியார் ஸ்கூல் பரீட்சை வச்சு, பெத்தவங்களை இன்டர்வியூ பண்ணி வேணுங்கிற பிள்ளையை மட்டும் எடுத்துக்கலாம், 1993-க்கு அப்புறம் அரசுப் பணத்துக்கு மேல ஃபீஸும் வாங்கிக்கலாம்னு ஆயிடுச்சு. என்ன ஆகும்? வசதி உள்ளவங்க நகர்ந்து போயிட்டாங்க, ஏழைப் பிள்ளைங்க நகராட்சிப் பள்ளியில தேங்கிட்டாங்க. 2006-ல பள்ளி மாணவர்களே தெருவுக்கு வந்து போராடினாங்க. 2008-ல ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் தொகைன்னு மாத்தினாங்க, 2015-ல போட்ட சட்டம் அரசுப் பணம் வாங்குற ஸ்கூல் ஆள் பொறுக்குறதையும் ஃபீஸ் வாங்குறதையும் லாபம் எடுக்குறதையும் படிப்படியா நிறுத்திச்சு. தேர்ந்தெடுக்கிற உரிமை பெத்தவங்க கையில இருக்கிறதா பேரு, உண்மையில அது ஸ்கூல் கையில இருந்துச்சு, நான் எங்க போனாலும் இதைத்தான் சொல்றேன், ஸ்கூல் ஆள் பொறுக்குறதைத் தடுக்காம விட்டுட்டா மிச்சம் எதைச் செஞ்சும் பிரயோஜனம் இல்ல.

அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல 1990-ல வவுச்சர் ஆரம்பிக்கும்போதே இதை யோசிச்சிருக்காங்க. வருமானம் கம்மியான குடும்பத்துக்குத்தான் வவுச்சர், சீட்டை விட அப்ளிகேஷன் அதிகமா வந்தா குலுக்கல். குலுக்கல்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், பிள்ளை எதிர்காலத்தை சீட்டு போட்டு எடுக்கிறதான்னு கேப்பாங்க, ஆனா குலுக்கலுக்கு அப்பன் என்ன வேலை பாக்குறான்னு தெரியாது.

அட்மிஷன் ஃபாரம் விஷயத்தையும் சொல்லியே ஆகணும், ஏன்னா பெத்தவங்க மாட்டிக்கிறது அங்கதான். அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல 2005 வரைக்கும் ஒரு முறை இருந்துச்சு, பெத்தவங்க வரிசையா ஸ்கூல் பேரை எழுதிக் கொடுக்கணும், முதல்ல எல்லாரோட முதல் சாய்ஸையும் வச்சே சீட்டை நிரப்பிடுவாங்க. ஒரு அம்மா ரொம்ப டிமாண்ட் இருக்கிற ஸ்கூலை முதல்ல எழுதுறாங்கன்னு வைங்க, அது கிடைக்கல, ரெண்டாவதா எழுதின ஸ்கூலுக்கு வந்தா அது ஏற்கனவே அதை முதல்ல எழுதினவங்களால நிரம்பியிருக்கும். ஆக, மனசுல இருக்கிறதை உள்ளபடி எழுதினவங்க தோத்துட்டாங்க. விவரம் தெரிஞ்ச பெத்தவங்க கூட்டம் போட்டு எதை முதல்ல எழுதணும்னு கணக்குப் போட்டாங்க, ரெண்டு ஷிப்ட் வேலை பாக்குறவங்களுக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது? அப்புறம் ஆல்வின் ராத் மாதிரி பொருளாதார நிபுணர்கள் உதவியோட முறையை மாத்தினாங்க, இப்ப பிடிச்ச வரிசையில எழுதினா போதும், முதல் சாய்ஸ் கிடைக்கலன்னாலும் ரெண்டாவதுல உங்க இடம் பின்னாடி தள்ளிப்போகாது. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அவருக்கு 2012-ல நோபல். ஒரே ஃபாரம், ஒரே கடைசித் தேதி, எல்லா ஸ்கூலும் அதுக்குள்ள, இது இல்லாம சாய்ஸ் கொடுத்துட்டோம்னு சொல்றது அநியாயம். பஸ்ஸும் அப்படித்தான், போக வர வண்டி இல்லன்னா கார் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அந்த சாய்ஸ்.

பலன் உண்டான்னா, இடத்துக்கு இடம் மாறுது, மழுப்பாம சொல்லிடறேன். சார்ட்டர் ஸ்கூல்னா அரசுப் பணத்துல தனி அமைப்பு சுதந்திரமா நடத்துற இலவசப் பள்ளி. பாஸ்டன் சார்ட்டர் ஸ்கூல் குலுக்கல்ல ஜெயிச்ச பிள்ளைங்களையும் கிடைக்காதவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தா ஜெயிச்சவங்க கணக்குல நல்லாவே முன்னேறியிருந்தாங்க. அமெரிக்காவுலயே லூசியானா மாநில வவுச்சர்ல நேர் எதிர், வவுச்சர் வாங்கிப் போன பிள்ளைங்க கணக்குல பின்தங்கிட்டாங்க. ஃப்ளோரிடா மாநிலத்துல 2001-ல ஏழைப் பிள்ளைங்க தனியார் பள்ளிக்குப் போக ஸ்காலர்ஷிப் வந்தப்ப, பக்கத்துல தனியார் பள்ளி அதிகமா இருந்த அரசுப் பள்ளிகள்ல மார்க் ஏறிச்சு, கொஞ்சம்தான், ஆனா ஏறிச்சு. அதனால இந்த மாதிரி திட்டத்துல சேர்ற ஸ்கூல் எல்லாத்துலயும் ஒரே பரீட்சை வச்சு ரிசல்ட்டை வெளியில போடணும், பெத்தவங்க பின்ன எதைப் பாத்து முடிவெடுப்பாங்க?

கடைசியா, பிள்ளைங்க விட்டுட்டுப் போற அரசுப் பள்ளி. முப்பது பிள்ளை இருக்கிற வகுப்புல மூணு பேர் போயிட்டா டீச்சர் சம்பளம் குறையுமா, கரண்ட் பில் குறையுமா? பணம் மட்டும் உடனே குறைஞ்சா மிச்சம் இருபத்தேழு பேருக்குத்தான் அடி. பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்துல, பிள்ளைங்க சார்ட்டர் ஸ்கூலுக்குப் போனா பணம் குறையுற அரசுப் பள்ளி நிர்வாகத்துக்கு இதுக்காகவே சில வருஷம் ஈட்டுத்தொகை கொடுக்குற முறை வச்சிருக்காங்க, எல்லா இடத்துலயும் அது வேணும். இன்னொண்ணு, டைம் டேபிள் மாத்த, ஆள் எடுக்க, செலவை முடிவு பண்ண சார்ட்டர் ஸ்கூலுக்குக் கொடுக்கிற சுதந்திரத்தைப் பக்கத்து அரசுப் பள்ளி ஹெட்மாஸ்டருக்கும் கொடுங்க. அவரு ஒரு பெஞ்ச் வாங்குறதுக்கே மேலிடத்துக்கு ஃபைல் அனுப்பிட்டுக் காத்துக்கிட்டிருந்தா எந்தப் போட்டியில ஜெயிப்பாரு?