கடலோர அரங்கில் ஒரு கோடைக்காலம்

(இளையர் நாடகப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். கோடை என்று தனிப்பருவம் இல்லாத, எத்திசையில் நடந்தாலும் கடலில் போய் முடிகிற இந்தச் சிங்கப்பூர்த் தீவில், கடலோரக் கோடை நாடகத்தைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். ஆயினும் வேனிலும் கடலும் கூத்தும் நமக்குச் சேர்ந்தே அறிமுகமானவை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரின் இந்திரவிழா சித்திரை முழுநிலவில் நிகழ்கிறது. மாதவியின் பதினோர் ஆடல்களைச் சொல்லும் காதைக்கே ‘கடலாடு காதை’ என்றுதான் பெயர். அரங்கின் அளவை எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று இளங்கோவடிகள் குறித்துவைத்திருப்பதை இங்குள்ள மேடை மேலாளர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில், 1916ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறைக்கு வந்திருந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் சேர்ந்து, பழைய மீன் கிடங்கு ஒன்றை அரங்காக மாற்றி, யூஜின் ஓநீலின் ஓரங்க நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார்கள். கப்பலில் இறந்துகொண்டிருக்கும் மாலுமியின் கதை அது. பலகைத் தரைக்கு அடியில் உண்மையான கடலே அலையடித்ததால் ஒலியமைப்புக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை! ஓநீல் 1936இல் நோபெல் பரிசு பெற்றார்.

பின்னர் அக்கரையோரமெங்கும் கோடை அரங்குகள் தோன்றின. பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இந்த வாரத்து நாடகம். சனிக்கிழமை இரவு இரசிகர்கள் கலைந்ததும் காட்சியமைப்பைக் கழற்றிப் புதியதை நிறுத்தி, திங்களன்று திரையைத் தூக்கியாக வேண்டும். பயிற்சிக்கு வரும் இளையர் வண்ணம் பூசுவார், நுழைவுச்சீட்டு கிழிப்பார், ஈரக்காற்றில் தொய்ந்துபோன துணித்தட்டிகளை இழுத்துக் கட்டுவார், ஆள் குறைந்த இரவில் காவலாளி வேடமும் போடுவார். அக்கரையின் கேப் பிளேஹவுஸ் அரங்கில், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான பெட்டி டேவிஸ் முதலில் இரசிகர்களை இருக்கையில் அமர்த்தும் பணியைத்தான் செய்தார். சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்து நடிக்கவைத்த பழைய நாடகக் குழுக்களான நம் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களுக்கு இவை எதுவும் புதிதாக இருந்திராது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரொவீனா கேட் என்ற பெண்மணி, தம் வீட்டுத் தோட்டத்துக்குக் கீழே இருந்த பாறைச் சரிவையே வெட்டி அரங்காக்கினார். 1932இல் நடந்த முதல் நாடகத்துக்குக் கார்களின் முகப்பு விளக்குகளும் ஒளி தந்தன. அந்தக் கரையில் ஜூன் மாதச் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஆகவே முதல் அங்கம் முழுவதும் ஒளியமைப்பாளருக்கு வேலையே இல்லை. நடிகரின் குரலும் உடலும் மட்டுமே அக்காட்சிகளைத் தாங்கவேண்டும். இங்கோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே இருட்டிவிடுவதால், விளக்கை நம்பியே நாடகத்தைக் கட்டும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது.

நமக்குக் குறைவாக இருப்பது கடலோ திறமையோ அன்று. மேடையில் நிற்கும் இரவுகளே. இங்குள்ள தமிழ் நாடகம் மாதக்கணக்கில் ஒத்திகை கண்டு, பெரும்பாலும் ஒரே வார இறுதியில் முடிந்துவிடுகிறது. முதல் காட்சியில் சிரிப்பு எழாத வசனத்தை அடுத்தடுத்த இரவுகளில் மெல்ல மாற்றிச் சொல்லிப்பார்க்கும் வாய்ப்பு நடிகருக்குக் கிடைப்பதற்குள் மேடை காலியாகிவிடுகிறது. எஸ்பிளனேட் போன்ற பெரிய அரங்கில் ஏறுவது பெருமைதான். ஆனால் தொழில் கைவருவது, என் கருத்தில், சிறிய இடத்தில் திரும்பத் திரும்ப ஆடும்போதுதான்.

எனவே அடுத்த ஜூன் விடுமுறைக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பக்கம், மூன்று ஓரங்க நாடகங்களை ஒரே குழுவாக, வாரம் ஒன்றென மாற்றி மாற்றி நீங்கள் ஆடிப்பார்க்கலாம். அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். சுமத்ரா பக்கமிருந்து திடீரென மழையோடு வரும் ‘சுமத்ரா’ புயல்காற்று பெரும்பாலும் விடியலிலோ காலையிலோதான் வீசும் என்பதால் மாலைக் காட்சிக்கு அதனால் அதிகத் தொல்லையில்லை. ஆயினும் முந்தைய இரவு கட்டிய கூடாரம் காலையில் நிற்கிறதா என்று பார்த்துவர, கதாநாயகனாக நடிப்பவரையே அனுப்புங்கள்.