பூவில் இல்லாத நீலம்

நேயர்களுக்கு வணக்கம். கெமோமில் என்கிற பூ சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ்கள். வயிற்றுப் பொருமலுக்கும் தூக்கத்துக்கும் என்று ஐரோப்பாவில் காலங்காலமாக இதில் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். இதை நீராவியில் வாலை வடித்தால், அதாவது ஆவியாக்கிக் குளிரவைத்தால், சொட்டும் எண்ணெய் பேனா மை மாதிரி நீலமாக இருக்கும். பூவில் துளி நீலம் கிடையாதே?

சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் அந்த எண்ணெயை ஏற்றி, மேலிருந்து ஹெக்சேன் என்ற கரைப்பானை விட்டுக்கொண்டே வந்தால், நீலம் தனிப் பட்டையாக முந்திக்கொண்டு இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிவதால் பிடிப்பது சுலபம். நிறமில்லாத பொருள்களானால், சிலிக்கா பூசிய தகட்டில் சொட்டு வைத்து, புற ஊதா ஒளி காட்டியோ வேறு வழியிலோ தேட வேண்டும். பிடித்த நீலத்தின் மூலக்கூறு நிறை 184. கார்பன் 14, ஹைட்ரஜன் 16. பெயர் கமாசுலீன்.

சரி, வேலை முடிந்தது என்று எழுந்துவிடலாம். ஆனால் அந்த 14 இடிக்கிறது. டெர்ப்பீன்கள் எனப்படும் இந்த வகைச் சேர்மங்களைச் செடி ஐந்தைந்து கார்பனாகத்தான் கோக்கும். 10 அல்லது 15 வர வேண்டும். ஒன்று எங்கே போனது?

பூவில் உண்மையில் இருப்பது மாட்ரிசின், நிறமற்றது. நீராவிச் சூட்டில் அது அசிட்டிக் அமிலத்தையும் தண்ணீரையும் இழந்து வேறோர் அமிலமாகிறது. அதிலிருந்து நாம் தேடிய அந்த ஒரு கார்பனும் கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிட்டால் மிஞ்சுவது கமாசுலீன். நாம் பிரித்தெடுத்ததாக நினைத்த நீலம் வாலையில் உண்டானது! மாட்ரிசினையே பார்க்க வேண்டுமென்றால் சூடு காட்டக் கூடாது. உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடால், 40 டிகிரியை ஒட்டி இறக்கினால் அது உடையாமல் வரும். அப்புறம் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் வைத்தால், வாலையில் அசிட்டிக் அமிலமாகப் பறிகொடுத்த அந்த அசிட்டேட் பகுதி தன் இடத்திலேயே இருப்பது தெரியும்.

நம் ஊர் ஆய்வேடுகள் பலவற்றில் ஒரே பாட்டுதான். பூவை மெத்தனாலில் ஊறவைத்து, சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் ஏற்றி, கணினி காட்டும் பெயர்களை அப்படியே பட்டியல் போடுகிறார்கள். கருவியின் வாயிலேயே சூடு 250 டிகிரி வாக்கில் இருக்கும். அதில் எது பூவினுடையது, எது சூட்டில் பிறந்தது என்று கேட்பவர் குறைவு.

இடையில் வந்துபோனதே ஓர் அமிலம், அதை நான் விடப்போவதில்லை. அதன் அமைப்பில் வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனின் சாயல் இருக்கிறது. வாலை கூட வேண்டாம். மாட்ரிசினை உட்கொண்டால் நம் உடம்பிலேயே அந்த அமிலம் உண்டாகிறது என்று கண்டிருக்கிறார்கள்.