சீயக்காய் இருந்த இடத்தில்

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாகப் பொருள் தயாரித்து விற்கிறவர்கள்தான் இந்த அரங்கில் அதிகம். அதனால் நம் கடலூரில் தொடங்கிய கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

1983-ல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனை அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன் காலத்தது. கூலி வேலை செய்கிறவரும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆக, பாக்கெட் புதிதில்லை. கடைகளில் வேறு ஷாம்பு பாக்கெட்டுகளும் சரம் சரமாகத் தொங்கின. அப்புறம் சிக் எப்படி இடம் பிடித்தது?

கிராமத்தில் தலைக்குக் குளிக்க சீயக்காய் இருந்தது, உடம்புக்குப் போடும் சோப்பு இருந்தது. அந்த இரண்டின் இடத்துக்குத்தான் சிக் போக வேண்டியிருந்தது. சோப்பையே தலைக்கும் தேய்க்கிறவரிடம் 'மற்ற ஷாம்புவைவிட எங்களுடையது உசத்தி' என்றால் அவருக்கு என்ன ஒட்டும்? அதனால் ஊருக்குள்ளேயே போனார்கள். ஒரு பையனை உட்காரவைத்து, எல்லோர் கண் முன்னாலும் தலைக்குப் போட்டு அலசினார்கள். கூட்டத்தைக் கூப்பிட்டு, முடியைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். ரஜினி படம் போட்டு, நடுவே விளம்பரம் காட்டி, இலவச பாக்கெட்டும் கொடுத்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காலி பாக்கெட் திட்டம். எந்த ஷாம்புவின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். ஜனங்களுக்குப் பழகியதும், சிக் பாக்கெட் ஐந்து கொடுத்தால்தான் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது. அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை. தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லவா வேண்டும்?

விலை குறைவு என்பது மட்டும் போதாது. 2009-ல் வந்த டாடா நானோவைப் பாருங்கள். மழையில் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகிற குடும்பத்துக்காக நினைத்த வண்டி. ஊரெல்லாம் அதை 'மலிவான கார்' என்றே பேசியது. கார் வாங்குகிறவர் நாலு பேர் பார்க்கத்தானே வாசலில் நிறுத்துகிறார்? அந்தப் பெயர் தவறாகப் போயிற்று என்று ரத்தன் டாட்டாவே பிறகு சொன்னார்.

சரி, உங்களில் சத்துமாவு விற்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் மாவு அந்த வீட்டில் எதன் இடத்துக்குப் போகிறது? குழந்தை குடிக்கும் ஹார்லிக்ஸ் இடத்துக்கா, அவசரத்தில் அப்பா சாப்பிடாமல் ஓடும் காலை இட்லியின் இடத்துக்கா? இன்று வீட்டுக்குப் போனதும் உங்களிடம் வாங்குகிற பத்துப் பேருக்குப் போன் போட்டு, எப்போது, யாருக்காகக் கரைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாக்கெட்டில் என்ன எழுதுவது என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.