மகனிடம் மட்டும் சொன்னால் போதாது

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் பல ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். சிகிச்சையில் தப்பு நடந்துவிட்டால் அதை நோயாளியிடமும் குடும்பத்திடமும் எப்படிச் சொல்வது என்று பேச அழைத்தார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நடந்த பிறகுதான் தவிக்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சை பெறும் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதாவது தீங்கு நேர்கிறது. எல்லாமே யாரோ செய்த தப்பு அல்ல. ஒரு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு, அளவு மாற்றிக் கொடுத்துவிடுவது வேறு. நான் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர். வீட்டில் அவருக்கு நீல மாத்திரை, அதாவது 3 மில்லிகிராம். வார்டில் ஒரு நாள் மாலை ரோஸ் நிறத்தில் ஒன்று வந்தது. அது 5 மில்லிகிராம். "இது என்னோடது இல்லையேம்மா" என்று கேட்டிருக்கிறார். "டாக்டர் மாத்தியிருப்பார் பாட்டி" என்று பதில் வந்தது. டாக்டர் மாற்றவில்லை. நான்கைந்து நாள் அப்படியே போனது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம், ஊசி போட்ட இடமெல்லாம் கருநீலம். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். வார்ஃபரினின் வேகத்தை முறிக்கும் வைட்டமின் கே கொடுத்துச் சரிசெய்தார்கள்.

அப்புறம் மூத்த மகனை வராந்தாவுக்கு அழைத்து, ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் முதலில் கேட்டது, "அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவாங்க" என்பதுதான். டாக்டருக்கும் அது வசதியாகப் போயிற்று. அம்மாவிடம் "மருந்து ஒத்துக்கல" என்று முடித்துவிட்டார்கள்.

ஆனால் நிறம் மாறியதை முதலில் பார்த்தவரே அவர்தான். அதற்குப் பிறகு எந்த மாத்திரையையும் அவர் விழுங்கவில்லை. தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தார். வார்ஃபரின் தேவைப்படும் ஒருவர் அதை நிறுத்தினால் பக்கவாதம்கூட வரலாம். படுக்கையைச் சுத்தம் செய்யும்போதுதான் அது தெரியவந்தது. மறுநாள் மூத்த மருத்துவரும் தமிழ் பேசும் தாதி ஒருவரும் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நாளில், என்ன மாத்திரை, எப்படி மாறியது என்று ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் சொன்னது சரிதானே?"

பாசத்தினால்தான் பிள்ளைகள் மறைக்கச் சொல்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், உடம்பு அவருடையது. சுயநினைவோடு, புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும் நோயாளிக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். குடும்பம் பக்கத்தில் இருக்கட்டும், கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பள்ளிக்கூடம் போகும் பேரனை அங்கே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பாட்டிக்குத் தப்பான மருந்து கொடுத்த கதையை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது பெரிய பாவம். தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும் என்று வார்டில் கேளுங்கள்.

மருத்துவர்கள் தயங்குவது ஏன்? வழக்கு வந்துவிடும் என்ற பயம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தப்பைத் தானே எடுத்துச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, நியாயமான இழப்பீடும் கொடுக்கத் தொடங்கியது. 2010-இல் வந்த ஆய்வில், வழக்குகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. ஆச்சரியமில்லை. 1994-இல் பிரிட்டனில், மருத்துவர்கள் மீது வழக்குப் போட்ட நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் காரணம் கேட்டார்கள். பணம் ஒரு காரணம்தான். என்ன நடந்தது என்று யாரும் விளக்கவில்லை, இன்னொருவருக்கு இது நடக்கக்கூடாது என்பதையும் அவர்கள் சொன்னார்கள்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2015-இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி கிருமி தொற்றியது. ஆண்டின் முற்பாதியிலேயே தலைகாட்டிய விஷயம் அக்டோபரில்தான் மக்களுக்குத் தெரியவந்தது. கண்டறிவதிலும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதிலும் தாமதம் என்று சுயேச்சை மறுஆய்வுக் குழு சொன்னது. 2020 டிசம்பரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, மார்பகப் புற்றுநோய்க்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்கும் ஹெர்2 பரிசோதனையில் தவறான முடிவுகள் வந்துவிட்டன, அதனால் சிலர் தேவையில்லாத சிகிச்சை பெற்றிருக்கலாம் என்று தானே அறிவித்தது. வலிக்கும் செய்திதான். ஆனால் நோயாளிக்கு அது மருத்துவமனையின் வாயாலேயே வந்தது, அதை நான் மதிக்கிறேன்.

சரி, உங்கள் வீட்டில் நடந்தால்? மருத்துவமனைக்குள் தரக் குழு ஒன்று விசாரிக்கும். அந்தக் குழுவின் உள் அறிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அது உங்கள் கைக்கு வராது. அதைக் காட்டி "எதையும் சொல்ல முடியாது" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்புக்கு என்ன நடந்தது என்பது வேறு விஷயம், அதை விளக்கத்தான் வேண்டும். மருத்துவ அறிக்கைக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம், கட்டணம் உண்டு. பேச்சு முறிந்தால், பொது மருத்துவமனைக் குழுமங்களின் தாய் நிறுவனமான எம்ஓஎச் ஹோல்டிங்ஸின் சமரசத் திட்டம் இருக்கிறது. நடுநிலையான ஒருவரை வைத்துக்கொண்டு இரு தரப்பும் பேசலாம். வழக்கு என்று முடிவெடுத்தால் பொதுவாக 3 ஆண்டுக் கெடு உண்டு, வழக்கறிஞரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். அதிர்ச்சியில் இருப்பவர் காதில் பாதிதான் விழும், இன்னொருவர் எழுதிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இப்போது என்ன சிகிச்சை, அதன் செலவு யாருடையது என்றும் அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எழுந்து வரும் முன், அடுத்து யார், எந்தத் தேதியில் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, பெயரையும் நேரடி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அழைப்பு வராவிட்டால் மறுநாள் காலை நீங்களே கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.