பல வாத்தியம், ஒரே ஆள்: வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்த மென்பொருள்?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கிட்டார் வாசிப்பார்கள், கீபோர்டிலும் கை ஓடும், புல்லாங்குழல் ஓரளவு பழக்கம், கூடவே கொஞ்சம் பாட்டும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் தானே வாசித்து, முழுப் பாட்டாக வீட்டிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று ஆசை வரும். மிக நல்ல ஆசை அது. உடனே கேட்கும் முதல் கேள்வி: "எந்த மென்பொருள் நல்லது?"

இன்று புழக்கத்தில் இருக்கும் பெரிய மென்பொருள்களில் எதையும் மோசம் என்று தள்ளிவிட முடியாது. "இதில் பதிந்தால் சத்தம் இனிமையாக வரும், அதில் பதிந்தால் வராது" என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. மைக்கில் விழும் ஒலியை நொடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்களாக மாற்றுவது ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறு பெட்டி. மென்பொருள் அந்த எண்களை வாங்கி அப்படியே சேமிக்கிறது. அதே மைக், அதே பெட்டி, அதே வாசிப்பு என்றால் எந்த மென்பொருளிலும் அதே எண்கள்தான் வந்து சேரும். மைக்கை எங்கே வைக்கிறீர்கள், அறை எவ்வளவு எதிரொலிக்கிறது என்பதில்தான் ஒலியின் தரம் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தனி ஆளாகப் பல வாத்தியம் வாசிப்பவருக்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். முதல் வாத்தியத்தைப் பதிந்து முடித்து, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை அதன் மேல் வாசித்துப் பதிவது எவ்வளவு சுலபமாக நடக்கிறது? இதை ஓவர்டப் என்பார்கள். ஓவர்டப்பில் தடுக்கி விழாத மென்பொருள்தான் உங்களுக்கான மென்பொருள். மற்ற வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் தன் கிட்டாரின் மேல் தானே இன்னொரு கிட்டாரை, அதன் மேல் இன்னொன்றை என்று அடுக்கிப் பதிந்து புகழ் பெற்றவர். அதற்காகவே எட்டு ட்ராக் (ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே பதியும் தடம்) கொண்ட டேப் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் சொல்லிச் செய்வித்தார். அது 1957இல் அவர் கைக்கு வந்தது. 1979இல் டியாக் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு ட்ராக். மூன்றை நிரப்பிவிட்டு, அவற்றைக் கலந்து நான்காவதில் ஏற்றி, பழைய மூன்றையும் அழித்து மறுபடி பயன்படுத்துவார்கள். கலந்தது கலந்ததுதான். கிட்டார் சத்தம் தூக்கலாக இருக்கிறதே என்று அப்புறம் வருந்திப் பயனில்லை. இன்று வீட்டுக் கணினியில் எத்தனையோ ட்ராக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ட்ராக்குக்குப் பஞ்சமில்லை. வாசிக்கும் மனநிலை கலையாமல் இருப்பதுதான் இப்போது அரிது.

கையில் புல்லாங்குழல் இருக்கிறது என்று வையுங்கள். மவுஸைத் தொட்டு ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டு, குழலை உதட்டில் பொருத்தி, மூச்சை எடுத்து ஊத வேண்டும். அதற்கு நேரம் வேண்டாமா? இரண்டு ஆவர்த்தனம் கிளிக் (தாளத்தைக் காட்டும் டிக் டிக் சத்தம்) ஓடிய பிறகு பதிவு தொடங்கும்படி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றாவது வரியில் ஒரு ஸ்வரம் தவறிவிட்டால் குழலைக் கீழே வைத்து, அழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? நல்ல மென்பொருள் அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடும். ஒவ்வொரு முறை நீங்கள் வாசிப்பதையும் தனித்தனி டேக்காக ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வைக்கும். வாசித்து முடித்த பிறகு, முதல் வரி இரண்டாவது டேக்கிலிருந்து, அடுத்த வரி நான்காவதிலிருந்து என்று பொறுக்கி ஒட்டிக்கொள்ளலாம். இதற்கு காம்பிங் என்று பெயர். ரீப்பர், கராஜ்பேண்ட், லாஜிக், கியூபேஸ் ஆகிய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இது ஏதோ ஒரு வடிவில் உண்டு. எவ்வளவு குறைந்த அசைவில் செய்ய முடிகிறது என்பதில்தான் வேறுபாடு. கீபோர்டில் உள்ள ஒரு பொத்தானுக்கோ கால் பெடலுக்கோ ரெக்கார்டு கட்டளையைக் கொடுத்து வைக்க முடிந்தால் அது பெரிய வரம்.

அடுத்து லேட்டன்சி. அதாவது நீங்கள் மீட்டியது மென்பொருளுக்குள் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வருவதற்குள் ஏற்படும் தாமதம். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாக வாங்கிக் கையாளுகிறது. தொகுதியின் அளவு 128 அளவீடுகள் என்றால், நொடிக்கு 48,000 என்ற வேகத்தில் அதற்கு மட்டும் சுமார் 2.7 மில்லிநொடி ஆகும். 1024 என்று வைத்தால் சுமார் 21 மில்லிநொடி. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 21 மில்லிநொடி என்பது உங்கள் கிட்டார் ஏழு மீட்டர் தள்ளி ஒலிப்பதற்குச் சமம். உள்ளே வருவது, வெளியே போவது என்று இரு பக்கமும் சேர்ந்தால் இன்னும் கூடும். தாளம் தள்ளிப்போவதாகத் தோன்றுவதற்கு இது போதும். பதியும்போது தொகுதியைச் சிறிதாகவும், பதிந்தவற்றைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கின்போது பெரிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில், தாமதத்தைக் குறைப்பதற்காக இன்டர்ஃபேஸோடு வரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைப் பயன்படுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு உதவவே உதவாது, அதன் தாமதம் மிக அதிகம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கிளிக்கை ஒரு ட்ராக்கில் பதிந்து, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே கைதட்டி இன்னொரு ட்ராக்கில் பதியுங்கள். பிறகு திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கைதட்டலின் கூர்முனை சில இடத்தில் கிளிக்குக்குச் சற்று முன்னும், சில இடத்தில் சற்றுப் பின்னும் விழுந்தால் அது மனிதக் கை, கவலை வேண்டாம். எல்லாமே ஒரே அளவு பின்தங்கி விழுந்தால் மென்பொருள் தாமதத்தைச் சரியாக ஈடு செய்யவில்லை என்று பொருள். அமைப்புகளில் அதைத் திருத்தும் இடம் இருக்கும். திருத்தாமல் விட்டால் ஆறாவது வாத்தியம் பதியும்போது பாட்டே சேறாகிவிடும்.

இனி உங்கள் வாத்தியங்களுக்கு வருவோம். எல்லாமே மைக் வைத்துப் பதிபவையா, அல்லது மிடி (எந்த ஸ்வரத்தை எப்போது அழுத்தினீர்கள் என்று கணினிக்குச் சொல்லும் முறை) வழியாகக் கணினிக்குள்ளேயே ஒலிப்பவையும் உண்டா? டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை, பியானோவும் வயலின் கூட்டமும் மென்பொருளிலிருந்தே வர வேண்டும் என்றால் கராஜ்பேண்ட் அருமையான தொடக்கம். ஆப்பிள் 2004இல் கொண்டுவந்த அது மேக்கிலும் ஐபோனிலும் இலவசம். வாத்திய ஒலிகளும், உங்கள் பாட்டுக்கு ஏற்ப வாசிக்கும் டிரம்மரும் கூடவே வருகின்றன. பின்னாளில் லாஜிக்குக்கு மாறினால் அதே கோப்பு அங்கேயும் திறக்கும். விண்டோஸோ லினக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ரீப்பர். பழைய கணினியிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடு பார்க்கலாம். ஓவர்டப்புக்கு இவ்வளவு வளைந்துகொடுக்கும் மென்பொருள் குறைவு. ஆனால் கூடவே வாத்திய ஒலிகள் அதிகம் வராது, அவற்றை பிளக்-இன்களாக, அதாவது மென்பொருளுக்குள் பொருத்தும் துணை நிரல்களாக, தனியே சேர்க்க வேண்டும்.

ஆடாசிட்டி என்ற மென்பொருளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பேச்சைப் பதியவும் வெட்டி ஒட்டவும் சிறப்பானது. கீபோர்டை இணைத்து மிடி வாத்தியங்களை வாசித்துப் பாட்டு கட்ட உருவானதல்ல. எஃப்.எல். ஸ்டுடியோவும் ஏபிள்டன் லைவும் துண்டு துண்டாகத் தாளம் அமைத்து இசை கட்டுபவர்களுக்குச் சொர்க்கம். கிட்டாரை எடுத்து முழுப் பாட்டையும் வாசிக்கிறவருக்கு அந்த வழி முதலில் கொஞ்சம் சுற்று வழியாகப் படும்.

இலவசப் பதிப்புகளின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். எஃப்.எல். ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை மறுபடி திறக்க முடியாது. புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் எட்டு ஆடியோ ட்ராக்தான். இடது வலது என்று இரண்டு கிட்டார், குரல், அதற்கு இரண்டு துணைக்குரல், பேஸ், குழல் என்று போனாலே ஏழு ஆகிவிடும், மீதி ஒன்றுதான். பிளக்-இன் வகையும் முக்கியம். ஸ்டைன்பெர்க் 1996இல் அறிமுகம் செய்த வி.எஸ்.டி. வகையைப் பல மென்பொருள்கள் ஏற்கும், கராஜ்பேண்ட் ஏ.யு. வகையை மட்டுமே ஏற்கும், புரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ். வேண்டும். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பல சமயம் ஏதாவது மென்பொருளின் சிறு பதிப்பு கூடவே கிடைக்கும். வேறெதற்கும் செலவு செய்வதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

தாளம் பற்றி ஒரு வார்த்தை. புதிய கோப்பைத் திறந்தால் நான்கு எண்ணிக்கைதான் இருக்கும். உங்கள் மெட்டு மிஸ்ர சாபுவில் இருந்தால் ஏழு எண்ணிக்கைக்கு மாற்றி, மூன்றும் நான்குமாகக் கிளிக்கில் அழுத்தம் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பாட்டின் நடுவே வேகமோ தாளமோ மாறுமானால் அதற்கும் இடம் வேண்டும்.

சுருதி மென்பொருள் தேர்வோடு நேரடியாகச் சேராது, ஆனால் பல வாத்தியக்காரர்கள் இங்கேதான் அதிகம் அவதிப்படுகிறார்கள். குழலின் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. ஊத ஊத சூடேறி லேசாக உயரவும் செய்யும். மென்பொருளில் உள்ள பியானோ 440 ஹெர்ட்ஸ் கணக்கில் அசையாமல் நிற்கும். ஆகவே மாற்ற முடியாத வாத்தியத்துக்கு எந்தச் சுருதி ஒத்துவருகிறதோ அதில் பாட்டை அமையுங்கள். குழலைச் சற்று ஊதிச் சூடாக்கிவிட்டுப் பதியுங்கள். மீதி வேறுபாட்டுக்கு மென்பொருள் பியானோவை நுண்ணிய அளவில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டு மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். உங்கள் கணினிக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிமிடப் பாட்டை, உங்களிடம் உள்ள எல்லா வாத்தியங்களோடும், இரண்டிலும் பதியுங்கள். எதில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மவுஸைத் தேட வேண்டிய தேவை குறைவாக இருந்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு மனம் மாறினாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும், எல்லா ட்ராக்குகளையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, 24 பிட் வேவ் கோப்புகளாகத் தனித்தனியே எடுத்து வையுங்கள். குழல் நடுவில்தான் வருகிறது என்றாலும் அந்தக் கோப்பும் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும், முன்னால் வெறும் மௌனம் இருந்தாலும் பரவாயில்லை. கோப்பின் பெயரிலேயே வாத்தியத்தையும் வேகத்தையும் எழுதிவிடுங்கள். நாளை வேறு எந்த மென்பொருளில் இவற்றை இழுத்துப் போட்டாலும் தாளம் பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

வணக்கம்.