ஒரே கட்டுரை, இரண்டு ஆய்விதழ்கள்: மேற்கோள் பட்டியலை மாற்றுவது எப்படி?

[திரையில்: கட்டுரையின் கடைசிப் பக்கம், மேற்கோள் பட்டியல்]

மேற்கோள்களை ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) பாணியில் கேட்கும் ஆய்விதழ் உங்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து அனுப்பப்போகும் மருத்துவ இதழோ, மேற்கோள்களுக்கு எண் இடும் வான்கூவர் பாணியைக் கேட்கிறது. பட்டியலில் என்னவெல்லாம் மாறும்? டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த கட்டுரையை வைத்துப் பார்ப்போம். தலைப்பு நீளம் என்பதால் அந்த இடத்தில் புள்ளிகள்.

[திரையில், மேலே ஏபிஏ: வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). … நேச்சர், 171(4356), 737–738.
கீழே வான்கூவர்: வாட்சன் ஜேடி, கிரிக் எஃப்எச். … நேச்சர். 1953;171(4356):737-8.]

முதலில் ஆண்டைப் பாருங்கள். ஏபிஏவில் கட்டுரைக்குள்ளேயே ‘வாட்சன் & கிரிக், 1953’ என்று வருவதால், பட்டியலிலும் பெயரை அடுத்து ஆண்டு நிற்கிறது; வாசகர் அகர வரிசையில் தேடிப் பிடித்துவிடலாம். வான்கூவரில் கட்டுரைக்குள் எண் மட்டுமே, அதுவும் முதலில் வரும் வரிசைப்படி. அங்கே ஆண்டுக்கு அவசரம் இல்லை, இதழின் பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது.

[திரையில்: 171(4356) பெரிதாகிறது]

ஏபிஏவில் இதழின் பெயரும் தொகுதி எண்ணான 171உம் சாய்வெழுத்தில் வரும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இதழ் எண் சாயாது, நடுவில் இடைவெளியும் கிடையாது. பலரும் வழுக்குவது இங்கேதான். வான்கூவரில் சாய்வெழுத்தே வேண்டாம். 738 என்பது வெறும் 8 ஆகச் சுருங்கும். ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் இருந்தால் முதல் ஆறு பெயர், பிறகு ‘மற்றும் பலர்’. ஏபிஏவின் ஏழாம் பதிப்பிலோ இருபது பேர் வரை அத்தனை பெயரையும் எழுதியாக வேண்டும்!

[திரையில்: சோட்டெரோ மென்பொருள்]

இதையெல்லாம் கையால் செய்ய வேண்டியதில்லை. மேற்கோள் விவரங்களைச் சேமித்துப் பட்டியலிடும் சோட்டெரோவில் பாணியை மாற்றினால் பட்டியல் தானே மாறும். ஆனால் உள்ளே இருக்கும் பதிவு தவறென்றால் எந்தப் பாணியிலும் தவறுதான். ஆங்கிலத் தலைப்புகளை முதல் எழுத்தும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தாக இருக்கும்படி சேமியுங்கள். அதிலிருந்து எல்லாச் சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கவைக்க மென்பொருளுக்குத் தெரியும். எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் தலைப்பைத் திரும்ப மாற்றும்போது, எது சிறப்புப் பெயர் என்று அதற்குப் புரியாது.

நம் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் முன்னால் இருப்பது தந்தை பெயர், ஆகவே ‘சந்திரசேகர், எஸ்.’ என்பது சரியாக அமைந்துவிடுகிறது. தந்தை பெயரைப் பின்னால் எழுதுபவர்களுக்கோ அப்பாதான் ஆசிரியராகிவிடுவார். அந்த ஆய்வாளர் மற்ற கட்டுரைகளில் எப்படிக் குறிக்கப்படுகிறார் என்று பார்த்து, அதையே பின்பற்றுங்கள்.

[திரையில்: இணைப்பை நீக்கும் பொத்தான்]

சில இதழ்கள், மேற்கோள்கள் மென்பொருளோடு இணைந்திராமல் வெறும் எழுத்தாக இருக்கும் கோப்பைக் கேட்கும். இணைப்பை நீக்குமுன் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். நீக்கிய கோப்பில் பாணியை மறுபடி மாற்ற முடியாது. இந்த இதழும் திருப்பி அனுப்பினால் அந்தப் பிரதிதான் கைகொடுக்கும்.