சைலன்சருக்குள் ஒரு தேன்கூடு

வணக்கம். போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கராஜில் நின்றேன். பழைய பெற்றோல் காரொன்றின் புகைக்குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள். குழாயின் நடுவில் பானை வயிறு மாதிரி ஒரு பெட்டி. புகையின் நச்சைக் குறைக்கிற 'கற்றலிற்றிக் கொன்வேட்டர்' அதுதான். அதைப் பிளந்ததும் தேன்கூடு போலத் துளைதுளையாக ஒரு சாம்பல் நிறக் கட்டி உடைந்து விழுந்தது. "இது அடைச்சுப் போச்சு சேர், வெறும் ஓடு" என்று சொல்லிவிட்டுத் தகரத்தை மட்டும் பழைய இரும்போடு எறிந்தார் தம்பி. நான் ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிச் சொப்பின் பையில் போட, அவருக்குச் சிரிப்பு.

அந்த ஓட்டின்மேல் பூசியிருந்தவை பிளாற்றினம், பலேடியம், ரோடியம். சுரங்கத்தில் ஒரு டன் கல்லை உடைத்தால் கிடைப்பதே மூன்று முதல் ஆறு கிராம்தான். அவ்வளவு அரிதாக இருக்கக் காரணம் உண்டு. ருத்தேனியம், இரிடியம், ஒஸ்மியம் ஆகியவற்றையும் சேர்த்து இவை ஆறும் ஒரே குடும்பம். பூமி உருகிக் கிடந்த காலத்தில் இந்த ஆறும் பெரும்பாலும் இரும்போடு சேர்ந்து பூமியின் நடுவுக்கு இறங்கிவிட்டன. மேலே எஞ்சிய சொற்பமும் எங்கும் சிதறிக் கிடக்கிறது. அதைக் கூட்டிச் சேர்ப்பது கந்தகம்.

ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலே வரும்போது இந்த உலோகங்களையும் சுமந்து வருகிறது. குழம்பில் கந்தகம் கரையக்கூடிய அளவைத் தாண்டியதும், சொதியில் எண்ணெய் பிரிவதுபோலச் சல்பைட்டுத் துளிகள், அதாவது கந்தகமும் உலோகமும் சேர்ந்த துளிகள், பிரிகின்றன. எண்ணெய் மிதக்கும், இவை பாரத்தால் தாழும். பிளாற்றினக் குடும்பம் முழுவதும் குழம்பை விட்டு அந்தத் துளிகளுக்குள் ஓடிப் புகுந்துவிடும். நந்திக்கடலில் இறாலுக்கு வலை கட்டுகிறவர்களுக்கு இது விளங்கும். வலை சின்னதென்றாலும் அதற்குள்ளால் நிறையத் தண்ணீர் ஓடினால் பாடு நல்லாக இருக்கும். துளியும் அப்படித்தான். எவ்வளவு குழம்பைச் சந்தித்ததோ, அவ்வளவுக்கு உலோகம் சேரும்.

தென்னாபிரிக்காவின் புஷ்வெல்ட் பாறைத் தொகுதி 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 1924இல் பாறை ஆய்வாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கி அங்கே இனங்கண்ட பிளாற்றினப் படுகை பல இடங்களில் ஒரு மீற்றர் தடிப்புக்கூட இல்லை. ஆனால் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அது எப்படி வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் இழுபறிதான். துளிகள் மேலிருந்து படிந்தன என்பார் ஒரு சாரார். குளோரின் நிறைந்த சூடான பாய்மம் கீழிருந்து உலோகத்தைக் கரைத்துக்கொண்டு ஏறியது என்பார் மறுசாரார். துளிகள் முதலில் சேர்த்ததைப் பாய்மம் பிறகு கொஞ்சம் இடம்மாற்றியிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இனி ஆலைக்கு வருவோம். கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, மருந்து சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். சல்பைட்டுத் துகள்கள் குமிழிகளில் ஒட்டி நுரையோடு மேலே வரும். சுளகில் கொழித்துப் பழகிய எங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். இங்கே பாரமானதுதான் மிதக்கிறது. நுரையை வழித்து உலர்த்தி 1300 பாகைக்கு மேல் உருக்கினால், கழிவு மேலே நிற்க, சல்பைட்டு மறுபடியும் அடியில் தாழும். புஷ்வெல்டில் நடந்த அதே கதை, இங்கே ஒரு உலைக்குள் நடக்கிறது.

பிறகு காற்றூதி இரும்பையும் கந்தகத்தில் பெரும்பகுதியையும் போக்கி, நிக்கலையும் செப்பையும் கரைத்தெடுத்தால் மிஞ்சுகிற வண்டலில்தான் எங்கள் ஆறு பேரும் இருக்கிறார்கள். பழைய முறையில், இராசதிராவகத்தில் (நைத்திரிக், ஐதரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கரைந்த பிளாற்றினத்துக்கு அமோனியம் குளோரைட்டு விட்டால் மஞ்சள் உப்பு படியும். அதைச் சுட்டால் சாம்பல் நிறப் பஞ்சுபோல உலோகம். கல்லிலிருந்து இதுவரை வர மாதக்கணக்காகும்.

இதைக் கேட்டு யாரும் வீட்டில் திராவகம் கலக்க வேண்டாம். அந்தப் புகை நெஞ்சைக் கருக்கிவிடும். ஓட்டைச் சுத்தியலால் இடிக்கவும் வேண்டாம், தூசி பொல்லாதது. இப்படி ஓடுகளை உருக்கி உலோகத்தை மீட்கப் பெரிய ஆலைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன.

என் சொப்பின் பை இன்னும் மேசைக்கடியில்தான் கிடக்கிறது. நேற்று அந்தத் தம்பி கோல் எடுத்தார். "சேர், அண்டைக்குக் கொண்டுபோன ஓடு இருக்கோ?"